படத்தைப் பற்றிச் சித்தி சொன்னது

அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஆறு பேர். அப்பா, அம்மா, சித்தி, அண்ணை, பக்கத்து வீட்டு மாமா, நான். ஏழாவதாக ஒருவரும் இல்லை. இதை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன். இன்னும் யாராவது இருந்திருந்தால் பழியில் கொஞ்சத்தை அவர்கள் மேலும் போட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு. சண்டை முடிந்து மூன்றாவது வருஷம். எனக்கு ஒன்பது வயது. கொடிகாமம் சந்தையடியில் இருந்த சிடிக் கடையிலிருந்து அண்ணை எடுத்து வந்த யப்பான் படம். அந்தக் காலத்து வாள் வீரர்களின் கதை. ஒரு பெட்டை குடை விற்கிறவளைப் போல ஊர் ஊராகப் போய், யாரோ சொல்லிவிட்ட ஆட்களை ஒவ்வொருவராக வெட்டிக் கொல்லுகிறாள். கீழே இங்கிலிஷில் எழுத்து ஓடியது. எங்கள் வீட்டில் அதை வாசிக்கக்கூடியவர் அண்ணை மட்டும்தான். அவருக்கும் எழுத்து ஓடுகிற வேகத்துக்கு வாசிக்க வராது. "என்னடா சொல்லுது?" என்று அம்மா கேட்டால் "வெட்டப் போறனாம்" என்பார். அடுத்த முறை கேட்டாலும் "வெட்டப் போறனாம்" தான். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. கடைக்காரருக்குப் பிற நாட்டுப் படங்கள் ஒன்றும் விளங்காது. வருகிறவர்களோ "இது எப்பிடி அண்ணை?" என்று கேட்பார்கள். அதனால் சிடியைத் திருப்பிக் கொண்டு வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டு, ஒரு தாளில் எழுதி, உறைக்குள்ளே வைத்துவிடுவார். யார் சொன்னது என்பதையும் எழுதுவார். "புகையிலைத் தோட்டத்து வீடு, தகப்பன்: அழுகைப் படம், தலையிடி." இப்படி. ஒரு கருத்துக்கு, கொண்டு வருகிறவருக்கு ஒரு டொபி இனிப்பு. வெறும் நல்லம், கூடாது என்பதற்கெல்லாம் கிடையாது, காரணம் சொல்ல வேண்டும். தாளை வாசித்துவிட்டுத்தான் சனங்கள் படம் எடுப்பார்கள். சிலர் படத்தை எடுக்காமல் தாளை மட்டும் வாசித்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

சிடியைத் திருப்பிக் கொடுக்கிற வேலை என்னுடையது. ஆறு பேர், ஆறு டொபி என்று படம் தொடங்கும்போதே நினைத்துக்கொண்டேன்.

மாமா சந்தியில் இளநீர் விற்கிறவர். படம் முடிய முதலே அவருடைய கருத்து வந்துவிட்டது.

"இருபது இளநீர் சீவினாலே என்ரை கத்தி மழுங்கிப் போகுது. உவள் நாப்பது பேரைச் சீவிப்போட்டாள், ஒருக்காத் தீட்டேல்லை. எந்தக் கடையிலை வாங்கினதெண்டு கேட்டுச் சொல்லுங்கோவன்."

"அதை விடுங்கோ," என்றார் அம்மா. "தலையை விரிச்சுவிட்டுக்கொண்டு ஆராவது சண்டைக்குப் போவினமே? மயிர் கண்ணுக்குள்ளை விழாதே? ஒரு பின்னல் பின்னியிருக்கலாம்."

அப்பாவுக்குக் கதை பிடிக்கவில்லை. எல்லாரும் ஒரே மாதிரி உடுப்புப் போட்டிருந்ததால் செத்தது யார், மிச்சம் யார் என்று தெரியவில்லையாம். அண்ணைக்கு ரத்தம் போதாது. என்னுடைய கருத்து, குடைகள் வடிவு.

சித்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் கடைசித் தங்கை அவர். வன்னியில் வளர்ந்தவர், சண்டை முடிந்த பிறகு எங்களோடு வந்து இருந்தார். கடைசி வருஷங்களில் கொழும்பில் ஒரு விடுதியில் நின்று தையல் படித்தவர் என்று ஊரில் எல்லாரும் அறிந்திருந்தார்கள். நானும் அப்படித்தான் அறிந்திருந்தேன். அவருக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. பக்கத்து ஊர் மாப்பிள்ளை, சாவகச்சேரியில் இரும்புக் கடை. வருகிற வியாழக்கிழமை அவர்கள் நாள் வைக்க வருவதாக இருந்தது. அம்மா பத்து நாளாக அந்த வியாழக்கிழமையைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார். சித்தி அதைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் பின்னேரங்களில் தனக்கென்று ஒரு சேலைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். தனக்கென்று அவர் தைத்து நான் கண்டது அது ஒன்றுதான்.

படம் முடிந்ததும் சித்தி சாப்பாட்டுக் கோப்பைகளை அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"சித்தி, உங்கடை கருத்தைச் சொல்லுங்கோ."

"எனக்கென்ன கருத்து. போ அங்காலை."

"ஒரு டொபி குறையும், சித்தி."

அவர் கோப்பையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் அரியண்டம் கொடுத்துக்கொண்டே நின்றேன். பிறகு, என்னைப் பார்க்காமல், வாளித் தண்ணீரோடு கதைக்கிற மாதிரிச் சொன்னார்.

"அந்தப் பிள்ளை வெட்டிப்போட்டு வந்து, சோத்து உருண்டையைக் கையிலை வச்சு ஆறுதலாச் சாப்பிடுது. அப்பிடிச் சாப்பிடேலாது. முதல் மூண்டு மாதமும் கையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோக ரத்தம் மணக்கும். கரண்டிதான் கேப்பினம்."

எனக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. நீளமான கருத்து, காரணமும் இருந்தது. நான் திரும்பி ஓடப் பார்க்க, சித்தி ஈரக் கையால் என் கையைப் பிடித்தார்.

"கடையிலை நல்ல படம் எண்டு மட்டும் சொல்லு. என்ன?"

"ஓம்" என்றேன்.

கடையில் அப்படித்தான் சொன்னேன். முதலில் அப்படித்தான் சொன்னேன் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடைக்காரர் ஐந்து பேரின் கருத்தையும் எழுதி, மாமாவின் கத்திக்குக் குலுங்கிச் சிரித்துவிட்டு, ஆறாவதுக்கு வந்ததும் பேனையைத் தூக்கிக்கொண்டார்.

"நல்ல படம் எண்டா அது ஒரு கருத்தே, பிள்ளை? அதுக்கு டொபி இல்லை. முழுப் படத்தையும் பாத்திட்டுச் சித்தி வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

மற்ற எல்லாரும் கெட்டிக்காரராக இருக்க, என் சித்தி மட்டும் ஒன்றும் விளங்காதவர் மாதிரி அந்தத் தாளில் இருக்கப்போகிறாரே என்று எனக்குப் பட்டது. டொபியும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. சொன்னேன். கரண்டிவரைக்கும் சொன்னேன்.

எழுதிக்கொண்டு வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"எந்தச் சித்தி? தையல் மெசின் வச்சிருக்கிறவவோ?"

"ஓம்."

"உதையும் எழுதுறதோ?"

"ஓம், எழுதுங்கோ. அவவுக்குத் தெரியும்," என்றேன் நான்.

அவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு எழுதினார். நல்ல மனுஷன், விளங்காமல்தான் எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். கேட்டுப் பார்க்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. அவரைத் தெருவில் கண்டால் மற்றப் பக்கத்தால் போய்விடுவேன்.

வியாழக்கிழமை அம்மா வடை சுட்டு அடுக்கி வைத்திருந்தார். நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை, கலியாணத் தரகர் மட்டும் தனியே வந்தார். வடையைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். எனக்கு அந்தத் தாளைத் தெரியும்.

"மாப்பிள்ளையின்ரை தம்பி அந்தச் சிடியை எடுத்திருக்கிறான். தாளை வீட்டிலை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினவனாம். இளநீர்க் கத்திக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சவையாம்," என்றார் தரகர். "கடைசி வரிக்கு ஒருத்தரும் சிரிக்கேல்லை. தாய்க்காரி கேட்டவவாம், தையல் படிக்கப் போன பிள்ளைக்கு உது எப்பிடித் தெரியும் எண்டு."

"படத்தைப் பாத்துச் சொன்னதெல்லே," என்றார் அப்பா.

"நான் நம்புறன் அண்ணை. அவையள் பயப்பிடுகினம். உங்களுக்காகத்தான் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தனான். ஆனா அவைக்கு முதல் எத்தினை பேர் எடுத்து வாசிச்சினமோ தெரியாது."

தரகர் போன பிறகு அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினார். மெசினடியில் நின்ற சித்தி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவள் பொய் சொல்லேல்லையே, அக்கா."

அப்பா தாளை அடுப்புக்குள் வைத்தார்.

விஷயத்தை அம்மா எனக்குச் சொன்னது நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம், பதினைந்து வயதில். சித்தி கொழும்பில் ஒரு நாளும் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தால் வருகிற வழியில் இயக்கம் சண்டைக்கென்று பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருஷம் வைத்திருந்தது. கடைசியில் சனத்தோடு சனமாக வெளியே வந்தபோது, இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் பெயர் பதிய வேண்டும் என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சித்தி எழும்பிப் போகவில்லை. அப்படிப் பதியாமல் இருந்தவர்களைத் தேடி ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக வந்துகொண்டிருந்த காலம் அது. கூட்டிக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. கலியாணம் கட்டி வேறு ஊர், வேறு பெயர் என்று ஆகிவிட்டால் தப்பிவிடுவார் என்றுதான் அம்மா அவ்வளவு அவசரப்பட்டிருக்கிறார்.

தரகர் வந்து போன அடுத்த நாள் விடிய, முதல் பஸ்ஸுக்கு, அப்பா சித்தியைக் கூட்டிக்கொண்டு போனார். எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் எங்கேயாவது போய்ச் சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். சரிதானே. சித்தி பிறகு எங்கள் வீட்டில் வந்து இருக்கவேயில்லை.

அப்போது எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான்: என்னால் கலியாணம் குழம்பிவிட்டது. வீட்டில் எல்லாரும் அதற்காகத்தான் கவலைப்படுகிறார்கள் என்று நம்பினேன். அந்தக் கிழமை முழுவதும் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அம்மா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழும்புவார். அப்பா பாதிக் கதையில் நிறுத்துவார். மாப்பிள்ளையின் தம்பியிடமும் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. அவர்கள் மனம் மாறி வருகிறார்களோ என்றுதான் எல்லாரும் காது கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். வாசல் படலை சாத்தியிருப்பதைக் கண்டு திரும்பிப் போய்விடுவார்களே என்று எனக்கு ஒரே பயம். அதனால் சத்தம் கேட்கிற ஒவ்வொரு முறையும், எல்லாருக்கும் முதல் ஓடிப்போய், படலையை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.