சூடான காலுறை

எங்கள் தீவில், டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் டோபிக் கடைக்குத் துணி வெளுக்க அர்ஜென்டினாக்காரர் ஒருவர் வருவார். ஒல்லியான ஆள், சிரித்த முகம். என்னைவிட மூத்தவர். ஆனாலும் மற்றவர்களைக் கேட்டுப் பழகி என்னை “அண்ணே” என்றுதான் கூப்பிடுவார். துணி உலர்த்தும் மெஷினிலிருந்து காலுறையை எடுத்ததும் சூடு ஆறுவதற்குள் அங்கேயே உட்கார்ந்து போட்டுக்கொள்வார்.

“இந்த வெயில்ல சாக்ஸ், அதுவும் சூடா! கால் வெந்துரும்லா” என்று என் மனைவி சிரிப்பாள்.

ஒரு நாள் பெருமழை. தெருவெல்லாம் தண்ணீர். அவர் நனைந்த காலோடு உள்ளே வந்தார். சிரிப்பு இல்லை. அன்று பார்த்து மெஷின் கெட்டிருந்தது. அவர் கழற்றிக் கொடுத்த காலுறையைப் பிழிந்து இஸ்திரி போட ஆரம்பித்தேன். அவர் காலைத் துடைத்தார். வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை.

“என்னாச்சு அங்கிள்?”

பாதி மலாய், பாதி ஆங்கிலத்தில் சொன்னார். “மால்வினாஸ் தீவு எங்களுதுன்னு சண்டைக்கு அனுப்புனாங்க. இங்கிலீஷ்காரன் தன்னுதுன்னான். அப்ப நான் சின்னப் பையன். ஈரக் குழியிலயே கிடந்தேன். குளிர்ல விரல் போச்சு.”

“தீவு யாருக்குக் கிடைச்சது?”

“அவங்களுக்கு.”

காய்ந்த காலுறையைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். சிரிப்பு திரும்பி வந்தது.

“எனக்கு இந்தத் தீவு போதும் அண்ணே. இங்க நனைஞ்சாலும் காயுதுலா.”

அவருடைய தீவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. மெஷினைச் சரிசெய்துவிட்டோம். ஆனாலும் மழைக்கு வானம் இருட்டினால் இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்கும். சுவிட்சைப் போடுவது என் மனைவி.