ஓடக்கார வீட்டு அபைனா

அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில், கடலோர அலிஹீஸ் ஊரின் செம்புச் சுரங்கம் மூடியதும் பாதி ஊர் அமெரிக்காவின் ப்யூட் நகரத்துக்குப் பெட்டி கட்டியது. ஏன் நியூயார்க்குக்குப் போகவில்லை என்று கேட்பவருக்குச் செம்பு தெரியாது. நிலத்தடியில் செம்பு வெட்டியே பிழைத்தவனுக்கு வேறென்ன வேலை தெரியும்? ப்யூட் மலைக்கடியில் கிடந்ததெல்லாம் செம்பு. மேஸ்திரியும் அலிஹீஸ்காரர். ஊர்ப் பெயரைச் சொன்னால் மறுநாளே வேலை.

அலிஹீஸில் தடுக்கி விழுந்தால் ஹாரிங்டன் குடும்பப்பெயர்க்காரர் ஒருவர் மேல்தான் விழவேண்டும். அதனால் வீட்டுப் பட்டப்பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். ப்யூட்டிலிருந்து தங்கை அபைனாவுக்குக் கப்பல் சீட்டு அனுப்பிய மர்ட்டி ஹாரிங்டன் அதைத்தான் எழுதாமல் விட்டுத் தொலைத்தான். செம்பட்டை வீட்டு அபைனாவின் சீட்டு ஓடக்கார வீட்டு அபைனாவுக்குப் போனது. ப்யூட்டில் இருக்கும் சித்தப்பா அனுப்பியதென்று நம்பி அவள் கப்பலேறிவிட்டாள். சித்தப்பாவோ வேறெங்கோ வேலை தேடிப் போய் ஒரு வருடமாகியிருந்தது.

ரயிலடியில் மர்ட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“நீ எந்த வீட்டு அபைனா?”

“ஓடக்கார வீடுங்க.”

“சரியாப் போச்சு. என் தங்கச்சி சீட்டுல நீ வந்திருக்க.”

அந்த ஊரில் அவளுக்கென்று ஒருவருமில்லை.

“திருப்பி அனுப்பிடுவீங்களா?”

“அதுக்கு இன்னொரு சீட்டுக்கு எங்க போறது? தப்பு என்னோடது. வாம்மா, முதல்ல சாப்பிடு.”

சுரங்கக்காரர்கள் தங்கும் விடுதியில் சமையல் வேலையும் அவனே வாங்கிக் கொடுத்தான். அந்த நன்றிக்கடனே அவளை உறுத்தியது. அவன் தட்டில் உருளைக்கிழங்கு வைக்கும்போது முகம் பார்க்கமாட்டாள். குளிர்காலத்தில் அவனுடைய அம்மா இறந்த கடிதம் வந்தபோது, அவளுக்குத் தன் முகத்திலேயே விழிக்கப் பிடிக்கவில்லை. தன்னால்தானே அவன் தங்கை அங்கே தனியாய் நிற்கிறாள். ஒன்றரை வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து, மற்ற அபைனாவுக்குச் சீட்டு அனுப்பினாள். வீட்டுப் பட்டப்பெயரை இரண்டு தடவை எழுதினாள்.

செம்பட்டை வீட்டு அபைனா வந்து இறங்கினாள். கன்னத்தில் அறை விழும் என்றே ஓடக்கார வீட்டு அபைனா நின்றாள்.

“நீதானா அது? என் கப்பல் சௌகரியமா இருந்துச்சா?”

“மன்னிச்சுக்கடி. தெரியாம வந்துட்டேன்.”

“மன்னிப்பு எதுக்குடி? நான் வந்திருந்தா எங்கம்மா தனியாப் போயிருப்பாங்க. கடைசித் தண்ணி என் கையாலதான் குடிச்சாங்க. அதை எனக்குக் குடுத்தவ நீ.”

மர்ட்டி தொப்பியைக் கழற்றினான். ஓடக்கார வீட்டு அபைனா வாய்விட்டு அழுதாள். ப்யூட்டுக்கு வந்த நாளிலிருந்து அதுவரை அவள் அழுததே இல்லை.