பெண் பார்க்க வந்தவர் கேட்ட மொழிபெயர்ப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வத்தலக்குண்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க, திண்டுக்கல்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நல்ல இடம், கைநழுவிப் போய்விடக் கூடாதே என்று அம்மாவுக்கு ஒரே தவிப்பு.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. கல்லூரி நாளிலிருந்து சொந்தமாக ஒரு மொழியை உருவாக்கி வருகிறேன். அதைப் பேசுகிற ஒரே ஆள் நான்தான். "வந்தவங்ககிட்ட அதை மட்டும் சொல்லிராத தாயி" என்று அம்மா காலையிலிருந்தே கெஞ்சிக்கொண்டிருந்தார். அப்பாதான் பெருமை தாங்காமல் உளறிவிட்டார்.

மாப்பிள்ளையின் மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எங்க, 'சாப்டீங்களா'ன்னு உன் பாஷையில என்னைய ஒருக்கா கேளு பாப்போம்" என்றார், வாயில் பஜ்ஜியோடு. கூடமே சிரித்தது. மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"உங்களைக் கேக்க முடியாதுங்க" என்றேன்.

"ஏன், அதுக்கு வார்த்தை இல்லையாக்கும்?"

வார்த்தை இருந்தது. நான்தான் அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தேன். வழியில் பார்க்கிறவரையெல்லாம் சாப்டாச்சா என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறோமே, என் மொழியில் அது செல்லாது. பசித்தவரைப் பார்த்து, கையில் சாப்பாட்டோடுதான் கேட்க வேண்டும்.

விடிந்ததிலிருந்து அம்மா அடுப்படியில் நிற்கிறார். வந்தவர்கள் கிளம்பும்வரை பெண்ணைப் பெற்றவள் வாயில் எதுவும் வைக்கக் கூடாதாம், எங்கள் வழக்கம். ஒரு தட்டில் கேசரியும் பஜ்ஜியும் எடுத்துப்போய், அடுப்படி வாசலில் நின்றிருந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"மிரு தலோ நேயா?"

"ஏண்டி, மானத்த வாங்காத" என்று பல்லைக் கடித்தார் அம்மா. நான் தட்டை இறக்கவில்லை. கடைசியில், எல்லோர் முன்னாலும் நின்றபடியே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு வாய். அவ்வளவு பசி.

"பொண்ணுக்குத் திமிரு ஜாஸ்திதான்" என்று எழுந்தார் அந்த மாமா. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

போனால் போகட்டும். அத்தனை பேர் சாப்பிட்ட வீட்டில், அம்மாவைப் பார்த்துத் தமிழில் ஒருவரும் கேட்காத கேள்வியை, நான் ஒருத்தி மட்டும் பேசுகிற மொழியிலாவது கேட்டேனே என்ற கர்வம் எனக்கு இன்னும் குறையவில்லை.