சாம் கையில் கொடுத்த காகிதம்

சித்தூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருபத்தாறு வருஷமாக மனு எழுதுகிறார் ஜெயகுமாரி அக்கா. இந்த ஊரில் அவரைத் தெரியாதவர் ஒருவர் இருந்தால், அவருக்கு இதுவரை ஒரு கஷ்டமும் வரவில்லை என்று அர்த்தம். அவர் மேசையை ஒட்டி ஜெராக்ஸ் மெஷின் போட்டிருப்பவன் நான், முனிகிருஷ்ணன். ஜனங்கள் தமிழில் அழுவதை அவர் தெலுங்கில் எழுதுவார், நான் மூன்று நகல் எடுப்பேன். ஒரு நகலில் ஆபீஸ் சீல் வாங்காமல் யாராவது திரும்பி வந்தால் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். "சீல் இல்லாம குடுத்தா அது மனு இல்ல, பஜ்ஜி மடிக்கிற காயிதம்" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவரே ஏமாந்த கதை இது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் டைட்டஸ், குப்பம் டவுனில் கிரானைட் பாலிஷ் போட்டவர். இருபது வருஷத்துத் தூசி நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. ஆக்சிஜன் மெஷினை ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓட்டியே ஆக வேண்டும் என்றார் டாக்டர். கரண்ட் பில் எகிறியது. அக்கா வேலைக்குக் கிளம்பியதும் டைட்டஸ் சத்தமில்லாமல் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார ஆரம்பித்தார். ஒரு மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனபோது மனுஷன் உதடெல்லாம் நீலம் பாய்ந்து நாற்காலியில் சாய்ந்துகிடந்தார். அன்றைக்கே மொட்டைமாடியில் சோலார் போடுவதென்று முடிவாயிற்று. பேங்க்கில் கடன் வாங்கி மூன்று கிலோவாட்டுக்குப் பேனல் ஏற்றினார்கள்.

ஏற்றி என்ன புண்ணியம்? உபரி கரண்டை லைனுக்கு அனுப்பி அதைப் பில்லில் கழிக்க நெட் மீட்டர் வேண்டும். அதை மின்சார ஆபீஸ் மாட்டாமல் ஸ்விட்சைத் தொடக்கூடாது. விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. பத்து கிலோவாட் வரைக்கும் லைன் தாங்குமா, டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்ற ஆய்வு வேண்டாம், விண்ணப்பித்தாலே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. பேனல் மாட்டி முடித்த சான்றைக் கொடுத்தால் பதினைந்து நாளில் மீட்டர் வந்தாக வேண்டும்.

அந்தச் சான்றை வாங்கிக்கொண்டு போனவன் சாம். மின்சார ஆபீசில் ஒப்பந்த வேலை பார்ப்பவன், அக்காவின் சபையில் காணிக்கைப் பை ஏந்துகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், "குடுக்கா, காலையில சார் டேபிள்ல வெச்சிடுறேன்" என்றான். அக்கா எடுத்துக் கொடுத்துவிட்டார். அவர்கள் சபையில், சகோதரன் என்று கூப்பிடுகிறவனிடம் யாரும் ரசீது கேட்க மாட்டார்கள். கேட்டால் அவனை நம்பவில்லை என்றாகிவிடும். காகிதம் போன சந்தோஷத்தில் அக்கா அன்றைக்கே ஸ்தோத்திரக் காணிக்கை வேறு போட்டிருக்கிறார். அதற்குத் தேதி போட்டு ரசீது கொடுத்திருக்கிறார்கள்.

விஷயம் தெரிந்ததும் எனக்கு வந்ததே கோபம். "சாமிக்குக் குடுத்ததுக்கு ரசீது இருக்குது, கரண்ட் ஆபீசுக்குக் குடுத்ததுக்கு இல்லையா? ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற நீயாக்கா இப்பிடிப் பண்ண?" என்று கத்தினேன்.

நாற்பது நாள் போனது. மீட்டர் வரவில்லை. நானும் அக்காவும் மின்சார ஆபீசுக்குப் போனோம். அங்கே உதவிப் பொறியாளர், எல்லாருக்கும் ஏ.இ. சார், தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"சான்று எதுவும் வரலியே அம்மா. ரசீது உந்தா, இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ மொதல்லேர்ந்து அப்ளை பண்ணுங்க. உங்க தெரு டிரான்ஸ்ஃபார்மர் ஃபுல். ஆய்வு பண்ணித்தான் சொல்லணும்."

"மூணு கிலோவாட்டுக்கு ஆய்வு கெடையாது சார். விதிய நான் படிச்சிட்டுத்தான் வந்துகீறேன்."

"விதியெல்லாம் மேல எழுதுவாங்க. கீழ லைன் பாக்கறது நான்."

சாம் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனை நாலு அறை விடலாம் போலிருந்தது.

வீட்டுக்குத் திரும்பினோம். டைட்டஸ் விட்டு விட்டுப் பேசினார். "புதுசாவே போட்டுடு ஜெயா. சாம் பேர இழுத்தா... அவன் வேலை போயிடும். நான் சமாளிச்சுக்கிறேன்."

"மூச்ச அடக்கிக்கினு சாவறதுக்குப் பேரு சமாளிக்கிறதா? புதுசா எழுதிப் போட்டுட்டு இன்னும் நாலு மாசம் இப்பிடியே மெஷின நிறுத்தி நிறுத்திப் போட்டா நீங்க இருப்பீங்களா?" அக்காவின் குரல் உடைந்தது. நான் அவர் அழுது பார்த்தது அன்று ஒருமுறைதான்.

ஞாயிறு சாயங்காலம் அக்கா நேராகச் சாம் வீட்டுக்கே போய்விட்டார். "நாளைக்குக் குறைதீர்ப்புக் கூட்டத்துல உன் பேரச் சொல்லப் போறேன். முதுகுக்குப் பின்னால சொல்லக்கூடாதுன்னு முன்னாடியே சொல்ல வந்தேன்."

"எனக்கு ரெண்டு பொண்ணுங்கக்கா."

"தெரியும். ரெண்டும் என் மடியில உக்காந்து சோறு துன்னதுங்க. சாம், எனக்கு இருக்கறது ஒரே புருஷன்."



திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் ஹாலில் குறை கேட்க மேலதிகாரி அம்மாள் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக வாசலோடு நிற்கும் அக்கா, அன்று வரிசையில் நின்று உள்ளே போனார். என்ன தேதியில், யார் கையில், என்ன காகிதம் என்று மனுவில் மூன்றே வரி. காணிக்கை ரசீதையும் பின்னால் குத்தியிருந்தார். அதைப் பார்த்து ஏ.இ. சிரித்தார். "மேடம், சர்ச்சுல குடுத்த ரசீத இங்க எடுத்துட்டு வந்திருக்காங்க."

"தேதிக்காக வெச்சேன் மேடம்" என்றார் அக்கா. "காயிதத்த வாங்கினுபோனவரு அங்க நிக்கிறாரு. அவரையே கேளுங்க. அவரு இல்லன்னு சொன்னா நான் இப்பவே போயிடுறேன்."

ஏ.இ.யின் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த சாம் சுவரோரம் நின்றிருந்தான். அதிகாரி அம்மாள் அவனைப் பார்த்தார். எனக்கு நம்பிக்கையே இல்லை. பயந்தாங்கொள்ளி, கைவிரித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

சாம் பையைத் தரையில் வைத்தான். "நேனே இச்சானு மேடம்" என்றான். தான்தான் கொடுத்தது, மறுநாள் காலையே கொடுத்தது, 'ஓரமா வை' என்று சார்தான் சொன்னது, வைத்த பீரோ எது என்பது வரைக்கும் தெலுங்கில் கடகடவென்று சொல்லிவிட்டான். ஏ.இ. ஏன் ஓரம் கட்டினார் என்பது இன்றுவரை தெரியாது. கவரை எதிர்பார்த்தாரோ, வெறும் சோம்பேறித்தனமோ. அன்று சாயங்காலம் காகிதம் அந்தப் பீரோவிலேயே கிடைத்தது. ஐந்தாம் நாள் மீட்டரை மாட்டிவிட்டார்கள். டைட்டஸ் இப்போது பகல் முழுக்க மூக்கில் குழாயோடு குறட்டை விடுகிறார். முந்தாநாள் என்னைக் கூப்பிட்டு வைத்து முக்கால் மணி நேரம் கிரிக்கெட் பேசி உயிரை எடுத்தார்.

அடுத்த மாதம் சாமைப் பாகாலாவுக்குத் தூக்கி அடித்தார்கள். அக்காவிடம் சொல்லிக்கொண்டு போக வந்தான். "உட்டுடுக்கா. பக்கம்தானே, ரயில்ல போய்க்கினு வந்துக்கினு இருப்பேன்."

"நீ சொன்னது நெஜந்தானே?"

"நெஜந்தான்."

"நெஜத்தச் சொன்னதுக்கு நீ எதுக்கு ரயில் ஏறணும்? உக்காரு."

வரிசையில் நின்றிருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்துத் தேதி போட்டார் அக்கா.

"உன் ஐடி நம்பரச் சொல்லு."