கிடையாது என்று சொன்ன சூடு

என் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் அடையாறில் டயாலிசிஸ். முடிந்து காரில் ஏறினால் சித்திரை வெயிலிலும் அவளுக்கு உடம்பு நடுங்கும். ஏசியை அணைத்து, போர்வை போர்த்தித்தான் மயிலாப்பூர் அழைத்து வருவேன்.

முதல் மாதமே கேட்டாள். "ஏங்க, காலு ஜில்லுனு மரத்துப் போவுது. இந்த வண்டியில சூடு காத்து வராதா?"

"மெட்ராஸ்ல ஹீட்டர் கேக்குற மொத ஆளு நீதான். அதெல்லாம் இதுல கிடையாது."

பொய். இருந்தது. வண்டி வாங்கிய புதிதில், குளிரும் சூடும் மாற்றுகிற திருகு உடைந்துபோனது. "ஹீட்டரா? ஊட்டிக்கா சார் போறீங்க?" என்று மெக்கானிக் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, குளிர்ப் பக்கமே நிற்கும்படி உள்ளே கேபிளைக் கம்பியால் கட்டிவிடச் சொன்னேன். இப்போது சரிசெய்ய, அந்தத் திருகு இருக்கும் பேனலையே மாற்ற வேண்டும். சோம்பல், வேறொன்றும் இல்லை.

பிரதோஷம் தவறாமல் கபாலி கோயிலுக்குப் போய், அவள் கஷ்டத்தைக் குறைத்துவிடு என்று வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். எட்டாம் மாதம் ஒருநாள், நந்திக்கு முன்னால் கை கூப்பி நிற்கும்போது, அவள் என்னிடம் கேட்ட ஒன்றை நான் கொடுக்கவில்லையே என்று உறைத்தது. மேற்கொண்டு வேண்ட வாய் வரவில்லை.

புதுப்பேட்டையில் பழைய கார் சாமான் கடை ஒன்றில் பேனல் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் பேட்டரி வயரைக் கழற்றினேன். துணி சுற்றிய கத்தியால் ஓரச் சட்டத்தை நெம்பி, நான்கு ஸ்குரூவை எடுத்து, பேனலை முன்னால் இழுத்தேன். பின்னால் அந்தக் கட்டுக்கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. வெட்டும்போது மனசு கூசியது. வாங்கி வந்த பேனலின் கொக்கியில் கேபிளை மாட்டி, பேட்டரி வயரைத் திரும்பப் பூட்டி, எஞ்சினைச் சூடாக்கி, திருகைச் சிவப்புப் பக்கம் கடைசிவரை திருப்பினேன். வெறும் காற்றுதான் வந்தது. கேபிளை ஒரு விரல்கடை தள்ளி மாட்டியிருக்கிறேன். பிரித்து மறுபடி மாட்டினேன். மூன்றாம் தடவை உள்ளங்கையில் சுட்டது. "அப்பனே" என்று சீட்டில் சாய்ந்துவிட்டேன்.

அடுத்த டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது, அடையாறு பாலம் தாண்டுவதற்குள் அவள் கால்மாட்டில் சூடு பரவியது. குனிந்து பார்த்தாள்.

"கிடையாதுன்னீங்களே?"

"இருந்துச்சு. நான்தான் கட்டி வச்சிருந்தேன்."

"எட்டு மாசமாவா?"

"ஆமா."

திட்டுவாள் என்று பார்த்தேன். மந்தைவெளி வரை காலைச் சூட்டுப் பக்கம் நீட்டியபடியே வந்தாள். எனக்குச் சட்டையெல்லாம் வியர்த்துப்போய், என் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன்.

"ஏத்துங்க," என்றாள். "சூடு வெளிய போவுது."

ஏற்றிவிட்டேன்.