அந்தப் பிள்ளைக்கு எதிராக ஒரு டொலர்

என் கணவர் தொலைபேசியில் சூதாடுகிறார் என்று தெரிந்த அன்று எனக்குக் கோபம் வரவில்லை. பயமும் வரவில்லை. அடுப்பில் பருப்பு இருந்தது, போய் அதை இறக்கி வைத்தேன். மகள் போனதிலிருந்து எனக்கு எதுவும் வருவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் தொடுவது தெரியும், அவ்வளவுதான்.

நாங்கள் மொன்ட்ரியால்-நோரில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். அவர் ஒரு சாமான் கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் ஒரு மருந்துக் கடையின் பின்பக்கத்தில் நின்று, வயதானவர்களுக்கு ஒரு வாரத்துக்குரிய மாத்திரைகளை நாள் வாரியாகப் பெட்டிகளில் பிரித்து வைக்கிறேன். எங்களுக்கு ஒரே பிள்ளை. படிப்பு முடித்து லொங்குய்யில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, மஞ்சள் லைன் மெத்ரோவில் போய் வந்துகொண்டிருந்தாள். பிறகு நோய் வந்தது. ஒரு வருடம்கூட அது அவளை விட்டுவைக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் பேச்சு என்றால் "பால் முடிஞ்சுது", "ஹீற்றரைக் குறையுங்கோ", "சாப்பாடு மேசையிலை இருக்கு" என்பதுதான். அவர் என்னை ஒருநாளும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், விஷயம் அதோடு முடிந்திருக்கும். நான் வாய் குறைந்த ஆள் இல்லை. ஆனால் வாய் திறக்காத மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? கேட்டதற்குப் பதில் சொல்லுவார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

காரணம் எண்ணெய். அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்கு ஒரு பயம் உண்டு. சுவாமியார் எண்ணெய்ச் சிமிழோடு நோயாளியின் கட்டிலடிக்கு வந்தால் கதை முடிந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். அது நோயில் கிடப்பவருக்குத் தைரியம் கொடுக்கிற சடங்கு, சாவுக்கு மட்டும் உரியதல்ல என்று பிரசங்கத்தில் எத்தனை தடவை சொன்னாலும் ஒருவர் காதிலும் ஏறாது. 'அவஸ்தை குடுக்கிறது' என்று அதற்குப் பெயர். அந்தச் சொல்லை நோயாளிக்குக் கேட்கச் சொல்லமாட்டார்கள். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம் என்று மூச்சு இழுக்கும்வரை தள்ளிப்போடுவார்கள். கடைசியில் சுவாமியார் ஓடிவந்து, நினைவு தப்பிய நெற்றியில் பூசிவிட்டுப் போவார்.

என் கணவரும் அப்படித்தான். மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் கோயில் பங்கில் இருந்த அத்தனை பேரையும் செபமாலையோடு செபத்தில் இறக்கிவிட்டிருந்தார். யாரைக் கண்டாலும் "பிள்ளை இப்ப நல்லாயிருக்கிறாள்" என்பார். நான் மருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தொழில் அது. ஒரு நாள் நோய்க்குரிய மருந்துகள் எல்லாம் நின்றுபோய், வலிக்குரியவை மட்டும் மிஞ்சின. எனக்கு விளங்கிவிட்டது. மகளுக்கும் விளங்கிவிட்டது. அவர் கீழே கோப்பி வாங்கப் போயிருந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஃபாதரைக் கூப்பிடுங்கோ. அப்பா இல்லாத நேரமாப் பாத்துக் கூப்பிடுங்கோ. நான் கேட்டதெண்டு அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ" என்றாள். சரி என்றேன்.

அடுத்த நாள் அவர் வேலைக்குப் போன பிறகு சுவாமியாரை வரவழைத்தேன். பூசி முடித்துச் சுவாமியார் போய்விட்டார். அன்றைக்கென்று என் கணவர் நேரத்தோடு வந்துவிட்டார். மகளின் நெற்றியில் எண்ணெய் மினுங்கியது. வாசனையும் இருந்தது. அவர் என்னை அறைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், "நீரோ கூப்பிட்டனீர்?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அதைப் பற்றி எங்களுடைய கடைசிப் பேச்சு அவ்வளவுதான். மகள் அதற்குப் பிறகு ஒரு கிழமைதான் இருந்தாள். நான் அவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். அவர் என்னை, பிள்ளையைக் கைவிட்டவள் என்று நினைத்துக்கொண்டே என் சமையலைச் சாப்பிட்டார்.

சூதாட்டம் தெரியவந்ததும் அவர் வாயால்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் போனோடு இருப்பார். நான் இரவுச் சாப்பாட்டுக்குப் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுக் குசினியில் நின்றேன். "வா பிள்ளை, ஒரு எட்டைப் போடு பிள்ளை" என்று ஒரு குரல் கேட்டது. இந்த வீட்டில் யாரிடம் இவ்வளவு அன்பாகப் பேசுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு பச்சை மேசை, அதன் பின்னால் கறுப்புச் சட்டை போட்ட இளம் பெண் ஒருத்தி. அவள் சிரித்தபடி ஒரு பொத்தானை அமுக்க, இயந்திரக் கை ஒன்று இரண்டு பகடைக்காய்களை எறிந்தது. அந்தப் பெண்ணைத்தான் இவர் பிள்ளை என்கிறார்.

பருப்பை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து பக்கத்தில் இருந்தேன்.

"உது என்ன விளையாட்டு?"

"கிராப்ஸ்."

"எனக்கும் காட்டித் தாங்கோ."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பேயைக் கண்டவர் மாதிரி பார்த்தார் என்றுகூடச் சொல்லலாம். பிறகு போனை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். அது ஒரு சூதாட்டத்தின் விதிமுறை என்பதில் எனக்கு வெட்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

விளையாட்டு பார்க்கப் பயமுறுத்தும், ஆனால் உள்ளே எளிது. 'பாஸ் லைன்' என்ற கோட்டில் காசை வைக்கவேண்டும். முதல் எறியில் ஏழோ பதினொன்றோ விழுந்தால் உடனே வெற்றி. இரண்டு, மூன்று, பன்னிரண்டு விழுந்தால் உடனே தோல்வி. வேறு எது விழுந்தாலும் அதுதான் இனி 'பொயின்ட்'. எட்டு விழுந்தால் எட்டு. அதன் பிறகு திரும்பத் திரும்ப எறிவார்கள். ஏழு வருவதற்கு முன் அந்த எட்டு மறுபடி வந்தால் வெற்றி, ஏழு முந்திக்கொண்டால் காசு போச்சு. முதல் எறியில் நண்பனாக இருக்கிற ஏழு இரண்டாவதிலிருந்து எதிரியாகிவிடும். இதை விளங்கிக்கொள்ள எனக்கு அந்த ஞாயிறு முழுவதும் போனது.

இரண்டாம் ஞாயிறு நான் சட்டம் போட்டேன். காசில்லாமல் பழகிப் பார்க்க ஒரு மேசை இருந்தது, முதலில் அதில்தான் விளையாடவேண்டும் என்றேன். அவர் ஒருநாளும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. கணக்கின் அமைப்புகளுக்குள் போய், ஒரு வாரத்துக்கு இருபது டொலருக்கு மேல் போடமுடியாதபடி எல்லை வைத்தேன். ஒரு மணித்தியாலம் ஆனதும் நினைவூட்டச் சொல்லி இன்னொன்று. தோற்றால் தோற்றதுதான், அதைப் பிடிக்கிறேன் என்று பின்னால் ஓடக்கூடாது. குடித்துவிட்டுத் தொடக்கூடாது. எந்தப் பக்கம் வைத்தாலும் நீண்ட ஓட்டத்தில் சூதாட்டக் கடைக்காரன் நம்மைவிடக் கொஞ்சம் மேலேதான் நிற்பான், ஆகவே இது சினிமாவுக்கு டிக்கெட் எடுக்கிற காசு, திரும்பி வரும் என்று நினைக்கக்கூடாது. அவர் தலையை ஆட்டினார். "நீர் சொன்னாச் சரி" என்றார்.

மேசையின் நடுவில் சில கட்டங்கள் உண்டு. அடுத்த எறியிலேயே ஏழு, அல்லது இரண்டு ஆறுகள் என்று சொல்லிக் கட்டுவது. ஒன்றுக்குப் பலமடங்கு தருகிறேன் என்று கண்ணடிக்கும். அவர் அதில்தான் காசைக் கரைத்துக்கொண்டிருந்தார். விழக்கூடிய தடவைகளை எண்ணிப் பார்த்தால் அவன் தருவது போதாது என்று விளங்கும். அதற்கு மாறாக, பொயின்ட் விழுந்த பிறகு முதல் காசுக்குப் பின்னால் கூடுதலாக வைக்கலாம், 'ஓட்ஸ்' என்பார்கள். அந்த ஒன்றில் மட்டும் கடைக்காரன் தனக்கென்று எதையும் எடுப்பதில்லை. நான் இதைச் சொன்னபோது அவர் உண்மையாகவே சிரித்தார். மருந்துக் கடைக்காரி என்று நக்கலடித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு ஏதாவது வரவேண்டும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. என்றாலும் கிழமை நாட்களிலும் அவர் கதைக்கத் தொடங்கியிருந்தார். வேலையால் வந்ததும் "இஞ்சேர், ஆறுக்கும் எட்டுக்கும் ஒரே வாய்ப்புத்தானே?" என்று கேட்பார். ஓம் என்று சொல்லிவிட்டுச் சோறு போடுவேன். வெளியாருக்கு இது ஒரு குடும்பம் மாதிரித் தெரிந்திருக்கும்.

குழப்பம் என்னால்தான் வந்தது. இரண்டு காய்களில் ஏழு விழுவதற்கு ஆறு வழிகள் உண்டு. வேறு எந்த எண்ணுக்கும் அவ்வளவு வழி இல்லை. ஆகவே பொயின்ட் ஒன்று விழுந்துவிட்டால் அதன் பிறகு ஏழுக்குத்தான் வாய்ப்பு அதிகம். இதற்கென்றே மேசையில் இன்னொரு கோடு இருக்கிறது. 'டோன்ட் பாஸ்' என்று பெயர். எல்லாரும் எறிகிறவரோடு நிற்க, இதில் வைப்பவர் எதிர்ப்பக்கம் நிற்பார். முதல் எறியைத் தாண்டிவிட்டால் ஏழு வந்தால் இவருக்கு வெற்றி. கணக்குப்படி பாஸ் லைனைவிட இது மயிரிழை நல்லது. புத்தியாக விளையாடுவதென்றால் இங்கே வைக்கவேண்டும். ஒரு ஞாயிறு நான் என்னுடைய ஒரு டொலரை அதில் வைத்தேன்.

பொயின்ட் எட்டு விழுந்தது. அவருடைய டொலர் பாஸ் லைனில் இருந்தது. அப்போதுதான் என்னுடையதைக் கண்டார்.

"என்ன செய்யிறீர்? ஏன் உதிலை வைச்சனீர்?"

"உதுதான் கணக்குக்குச் சரி."

"அந்தப் பிள்ளைக்கு எதிராவோ வைக்கிறீர்?"

"அந்தப் பிள்ளைக்கென்ன, மெஷின்தானே எறியுது. அவளுக்குச் சம்பளம் வருது."

"எல்லாரும் அவள் வெல்லவேணுமெண்டு நிக்கேக்கை, நீர் மட்டும் ஏழு வரட்டுமெண்டு பாத்துக்கொண்டிருக்கிறீர்."

பகடைக்காய்கள் உருண்டன. மூன்றும் நான்கும். அவருடைய டொலர் போனது, எனக்கு ஒரு டொலர் வந்தது. அவர் போனைச் சோபாவில் குப்புறப் போட்டார்.

"அண்டைக்கும் நீர் உப்பிடித்தான்," என்றார்.

இரண்டு வருடம் காத்திருந்த சொல் அது. அது இப்படி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. குரல் உயரவில்லை.

"நான் வைச்சதாலை ஏழு விழேல்லை," என்றேன். "நான் கூப்பிட்டதாலை அவள் சாகவுமில்லை. உங்களுக்கு அது விளங்கும்."

"முழுப் பங்கும் முழங்காலிலை நிண்டது. தாய் நீர். நீர்தான் முதல் கைவிட்டனீர்."

இனியும் பொறுக்க எனக்கு அலுப்பாக இருந்தது. பெரிய முடிவு ஒன்றும் எடுக்கவில்லை. களைத்துப்போயிருந்தேன், வாக்கு வாயிலிருந்து விழுந்துவிட்டது. "நானாக் கூப்பிடேல்லை. அவள்தான் கூப்பிடச் சொன்னவள். உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டும் சொன்னவள்."

அவர் அதிர்ந்துபோவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதிரவில்லை. சுவரைப் பார்த்தபடி, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு சுவாமியார் என்னைக் கட்டிப்பிடிச்சுச் சொன்னவர். உங்கடை பிள்ளை தைரியசாலி, தானே கேட்டுப் பூசிக்கொண்டவள் எண்டு."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. காதுவரை சூடாக வந்தது. இரண்டு வருடத்தில் எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான், அது வந்ததே எனக்கு அதிசயமாக இருந்தது. இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, நான் பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே, இரண்டு வருடம் என்னோடு கதைக்காமல் இருந்திருக்கிறார்.

"அப்ப என்னத்துக்கு என்னை இப்பிடி வதைச்சனீங்கள்?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அவர் சோபாவில் கிடந்த போனை எடுத்துத் தள்ளி வைத்தார். பிறகு, "அண்டைக்கு நான் உள்ளை போய் அவளுக்குப் பக்கத்திலை இருந்தனான்," என்றார். "அப்பா, நெத்தியிலை என்னெண்டு தெரியுமோ எண்டு கேட்டவள். நான், அது கோயிலிலை எல்லாருக்கும் பூசுறது, நீ சுகமாகிடுவாய் எண்டு சொன்னனான். ஓமப்பா எண்டு சொல்லிப்போட்டு என்ரை கையைத் தடவி விட்டவள். சாகக் கிடந்தவள் எனக்கு ஆறுதல் சொன்னவள்." முகத்தைத் துடைத்தார். "உம்மட்டைக் கேட்டவள். என்னட்டை ஏன் கேக்கேல்லை? அவளைத் தூக்கித் திரிஞ்சவன் நான். என்னட்டை ஏன் அவள் கேக்கேல்லை?"

எனக்கு இன்னும் கோபமாகத்தான் இருந்தது. ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. "கேட்டிருந்தா நீங்கள் ஃபாதரைக் கூப்பிட்டிருப்பியளோ?" என்றேன்.

"மாட்டன்," என்றார். "அது அவளுக்குத் தெரியும்."