வண்டியடிக்கு வந்த விருந்தாளி

கிணறு வற்றிய வருஷம் எங்கள் வீடு ஒரு மாட்டுவண்டியாகச் சுருங்கிவிட்டது. மேட்டுப்பாளையம் போனால் பாக்கு மூட்டை பாரம் ஏற்றலாம், மலையடிவாரத்தில் மாடுகளுக்குப் புல்லாவது கிடைக்கும் என்று அய்யன் வண்டியைப் பூட்டினார். அப்பாவை நாங்கள் அய்யன் என்றுதான் கூப்பிடுவோம். மாடுகள் எலும்பும் தோலுமாக இருந்ததால், கொஞ்சம் நடப்பது, அதிகம் நிற்பது என்று பயணம் போயிற்று. புளியமரத்தடியில் வண்டியை அவிழ்த்துவிட்டு அதற்கடியிலேயே படுத்துக்கொள்வோம். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. சாணி அள்ளும் வேலை இல்லை, தினம் ஒரு புது ஊர். பசி ஒன்றுதான் குறை.

அந்தப் பசியிலும் அய்யன் ஒரு காரியத்தை விடாமல் செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஊரில் இருந்தபோது, பொழுது சாய்ந்ததும் வாசலில் போய் நின்று, "பசிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? வாங்க, சாப்புட்டுப் போலாம்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அவருடைய தாத்தா காலத்து வழக்கம். யாராவது வருவார்கள். அது சரி, அப்போது குதிரில் கம்பு இருந்தது. இப்போது மூன்று பேருக்கு மூன்று உருண்டை ராகிக் களியும் புளித்தண்ணீரும் வைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்து அதே குரல்! யாரும் வந்துவிடக் கூடாது என்று நான் கண்ணை இறுக மூடி மாரியம்மனை வேண்டிக்கொள்வேன். அம்மன் என் பக்கம்தான் இருந்தாள். வண்டியடியில் கிடக்கிறவனிடம் யார் சோறு கேட்டு வருவார்கள்? சிலர் சிரித்துக்கொண்டே போனார்கள். அய்யன் திரும்பி வந்து உட்காருவார்.

ஒரு நாள் மத்தியானம், கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய வண்டிகள் எங்களைக் கடந்தன. நகை போட்ட ஒரு பெண் இறங்கி வந்து என் பாவாடை மடியில் ஒரு இலைப் பொட்டலத்தைப் போட்டாள். "பாவம், எந்த ஊருப் பிச்சைக்காரங்களோ" என்று சொல்லிக்கொண்டே போய் வண்டியேறினாள். உள்ளே லட்டு. லட்டைக் கண்டதும் அவள் சொன்னது எனக்கு உறைக்கவே இல்லை. அய்யனுக்கு உறைத்திருக்கிறது. அன்று சாயங்காலம் அவர் சாலைப் பக்கமே போகவில்லை.

"ஏனுங்க, கூப்புடலீங்களா?" என்றாள் அம்மா.

"எந்த வாசல்ல நின்னு கூப்புடறது?" என்றார்.

அம்மா விளக்குமாற்றை எடுத்து வண்டிக்கு முன்னால் கொஞ்சம் இடத்தைக் கூட்டினாள். அய்யன் எழுந்து போய் அங்கே நின்றார். குரல் பாதிதான் வந்தது.

அந்தப் பாதிக் குரலுக்கு ஒருவர் நின்றார். நெற்றியில் சந்தனம், வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். "பசிக்குதுங்க. என்ன இருக்குதுங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவரு கல்யாணச் சோறு தின்னுபோட்டுத்தானுங்க வந்திருக்காரு!" என்றேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

வந்தவர் அசரவில்லை. "அங்க ஒரே கூட்டம் கண்ணு. வகுறு நெறயலை" என்றார். என் கண்ணெதிரே ஒரு உருண்டைக் களியை விண்டு விண்டு விழுங்கினார். நடுவில் ஏப்பம் வந்தது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். போதாததற்கு, "இன்னுங் கொஞ்சம் போடுங்க அம்மணி" என்று வேறு கேட்டார்.

அவர் எழுந்ததும் அய்யன் கையெடுத்துக் கும்பிட்டார். "வந்து உக்காந்தீங்களே, அது போதுமுங்க" என்றார். தின்றவரைச் சோறு போட்டவர் கும்பிடுவது எந்த ஊர் நியாயம்? மிச்சமிருந்த களியை மூன்று பேரும் பிரித்துத் தின்றோம். அய்யன் அன்று அம்மாவிடம் சிரித்துப் பேசினார். மறுநாள் அவரே முதலில் எழுந்து மாடுகளைப் பூட்டினார். நான் மட்டும் மேட்டுப்பாளையம் வரைக்கும் அந்தச் சாப்பாட்டு ராமனைத் திட்டிக்கொண்டே போனேன்.

விருந்து சாப்பிட்ட வயிற்றில் களி இறங்குவது எவ்வளவு பெரிய பாடு என்பது, வளர்ந்து நாலு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த மனிதருக்குப் பசியே இல்லை. எங்கள் அய்யனுக்காகச் சாப்பிட்டிருக்கிறார். அவர் பிள்ளைகுட்டிகள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.